பெயர் கேட்காத மருத்துவச்சி

லுவெலா கிராமம், முசிம்பா
4 மார்ச் 1984

அன்புள்ள கணவர் லாங்சனுக்கு,

நீங்கள் சுகமாக இருந்தால் நானும் சுகம். அத்தையும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மழை விட்ட பிறகுதான் சுகமாகும் என்கிறார். மழை இன்னும் விடவில்லை. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. லீவில் வந்தபோது நீங்கள் வேய்ந்த கூரை மூலை ஒழுகுகிறது. வேய்ந்த கையைப் பற்றி அத்தை சொன்னதை நான் எழுத மாட்டேன். பெற்றவர் சொன்னது, அவரோடு இருக்கட்டும்.

இப்போது செய்தி. ஜனவரியில் நீங்கள் பஸ் ஏறியபோது வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். செப்டம்பர் கடைசியில் அந்த ஆள் வெளியே வரும். உலர்ந்த ஏரி மீனைச் சட்டியில் போட்டதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். அத்தை கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "மறுபடியுமா? நல்லது"ன்னார். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம்.

இந்தமுறை நான் மிஷன் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்ளப் போகிறேன். உங்களிடம் யோசனை கேட்டு இதை எழுதவில்லை. தெரிவிக்கத்தான் எழுதுகிறேன். அங்கே டாக்டரும் இருக்கிறார், மருத்துவச்சிகளும் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மரத்தடியில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவச்சி நியாசோகோவிடம் போனேன். குள்ளமான பெண்மணி. கை சூடாக இருந்தது. வயிற்றைத் தொடுவதற்கு முன் கேட்டார்:

"முதல் பிள்ளையா?"

"ரெண்டாவது. முதல் பிள்ளை செத்துப் பொறந்துச்சு. ஞாயித்துக்கிழமை வலி எடுத்துச்சு, செவ்வாக்கிழமை சாயங்காலம் வந்துச்சு."

"யார் கூட இருந்தாங்க?"

"மாமியாரும் ரெண்டு பெரியவங்களும்."

"என்ன பண்ணாங்க?"

"பேர் கேட்டாங்க. யாரோடயோ போயிருக்கே, அதான் பிள்ளை இறங்க மாட்டேங்குது, பேரைச் சொன்னா முடிச்சு அவிழும்னாங்க."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரிக்கப் பார்த்தாள். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ என்ன சொன்னே?"

"சொல்றதுக்குப் பேர் இல்லையே."

"எங்கிட்ட வர்றவங்க யார் பேரையும் சொல்ல வேண்டாம்மா. வலி எப்ப ஆரம்பிச்சதுன்னு சொன்னாப் போதும்."

டாக்டரே பேறு பார்த்தால் நல்லதில்லையா என்று கேட்டேன். "டாக்டர் அடுத்த கட்டடத்துலதான் இருக்கார். தேவைன்னா கூப்பிடுவேன். தேவையில்லாம அவர் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்"ன்னார். எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அவரிடமே பெற்றுக்கொள்வது என்று அந்த மரத்தடியிலேயே முடிவு செய்தேன்.

தலைக்கு எண்ணெய் வையுங்கள். சுரங்கத்துக்குள் இருமல் வந்தால் மறைக்காமல் மருந்து கேளுங்கள்.

உங்கள் மனைவி,
எனெஸ்

*

சுரங்கத் தொழிலாளர் விடுதி, ஜோஹன்னஸ்பர்க்
15 ஏப்ரல் 1984

என் அன்பு மனைவி எனெஸுக்கு,

கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துகள். நீ சுகமாக இருந்தால் நானும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் பார்த்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை அறையில் இருந்த எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஆரஞ்சு பானம்தான். சபை மூப்பர் கேட்டால் அப்படியே சொல். எங்கள் விடுதி அணி கால்பந்தில் ஜெயித்தது. நான் கோல் காத்தேன், இரண்டுதான் விட்டேன்.

ஆஸ்பத்திரி விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. என் அம்மா ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவர். அவரை வைத்துக்கொண்டு நீ மரத்தடியில் முன்பின் தெரியாதவளிடம் போனால் ஊர் என்ன பேசும்? அங்கே ஆண்களும் நடமாடுவார்கள். பெரியவர்கள் ஒன்றைக் கேட்டார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அவர்களைக் குறை சொல்லாதே.

போனமுறை நடந்ததை நீ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிகிறது. விட்டுவிடு. நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். லீவில் வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அம்மா சொன்னபடி நட. நிறைய சாப்பிடு.

உன் கணவன்,
லாங்சன்

*

லுவெலா கிராமம்
6 மே 1984

அன்புள்ள கணவர் லாங்சனுக்கு,

நீங்கள் சுகமாக இருந்தால் நானும் சுகம். அறுவடை முடிந்தது. குதிர் நிறைந்துவிட்டது. பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டுச் சமைத்தால் ஒரு சட்டியை நானே காலி செய்கிறேன். மீனோடு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எதை?

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் தபால்தலை வீணாகும். அதனால் மேலே எழுதுகிறேன். இரண்டு வருடமாக நான் குடத்தோடு கிணற்றடிக்குப் போனால் பேச்சு நிற்கிறது. குடம் நிரம்பித் தலையில் ஏறியதும் பேச்சு தொடங்குகிறது. 'கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலையே அவ, பிள்ளையை விட்டாலும் விட்டா பேரை விடலை' என்று என் காதுபடவே சொன்னார்கள். லீவில் வந்தபோது நீங்கள் கேட்காமல் இருந்தது அன்பினால் என்று நினைத்திருந்தேன். மன்னித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அழுகை வந்தது, எழுதுவதில் வெட்கமில்லை. அழுதுவிட்டு மாவு சலித்தேன்.

அத்தையிடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உங்களைவிட அவரோடு பேசுவது சுலபம். கோபம் வந்தால் கோபம், முடிந்தால் முடிந்தது.

"என் கை மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"உங்க கை மேல இருக்கு அத்தை. கேள்வி மேலதான் இல்லை."

வெகுநேரம் நிலக்கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "போ. ஆஸ்பத்திரிக்கே போ. ஆனா இந்தமுறை நான் ஒண்ணு சொல்வேன். போனமுறை உன்னை மட்டும் கேட்டோம். புருஷன் வெளியில சுத்தினாலும் பிள்ளை இறங்காதுன்னு எங்க அம்மா சொல்வா. ரெண்டு பேர் போட்ட முடிச்சு, ஒருத்தியை மட்டும் அவுக்கச் சொன்னா எப்படி? அவனையும் எழுதச் சொல்லு. ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு எழுதட்டும். இருந்தா பேரை எழுதட்டும். வலி எடுக்கறதுக்கு முன்னாடி அது என் காதுல விழணும்."

ஆக, அம்மா சொன்னபடி நடக்கச் சொன்னீர்கள், நடக்கிறேன். எழுதி அனுப்புங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டப் போவது நான்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, எழுத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

கோல் காக்கும்போது கையுறை போடுங்கள்.

உங்கள் மனைவி,
எனெஸ்

*

சுரங்கத் தொழிலாளர் விடுதி
27 மே 1984

என் அன்பு மனைவி எனெஸுக்கு,

நீ சுகமாக இருந்தால் நானும் சுகம். உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இன்று காலை ஆராதனைக்கும் போகாமல் எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தேன். நீ சொல்வதுதான் சரி. ஆஸ்பத்திரிதான் நல்லது. காலம் மாறிவிட்டது. அந்த நியாசோகோ படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவச்சி, அவருக்குத் தெரியாததா? எங்கள் மேஸ்திரியின் மனைவிகூட ஆஸ்பத்திரியில்தான் பெற்றாள். அவர் சொல்வதை மட்டும் கேள். கிழவிகள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நாம் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். முடிச்சாவது, அவிழ்ப்பதாவது.

முன்கூட்டியே போய்விடு. ஆகஸ்டிலேயே போனாலும் நல்லது. அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், முழங்கால் வலியோடு அவர் எதற்கு அலைய வேண்டும்.

என்னோடு சுரங்கத்தில் வேலை செய்யும் நம் ஊர் யோபே அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் கம்பளியும் சோப்பும் குழந்தைக்குச் சாமான்களும் கொடுத்து அனுப்புகிறேன். எல்லாம் கடையில் புதிதாக வாங்கியவை.

உன் கணவன்,
லாங்சன்

*

லுவெலா கிராமம்
20 ஜூன் 1984

அன்புள்ள கணவர் லாங்சனுக்கு,

நீங்கள் சுகமாக இருந்தால் நானும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. குழந்தை உதைக்கிறது. உங்கள் அம்மாவின் கையை என் வயிற்றில் வைத்தேன். "இது கோல் காக்காது, கோல் போடும்"ன்னார்.

உங்கள் பதில் இவ்வளவு சீக்கிரம் வந்ததைப் பார்த்துத் தபால்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஒரு கடிதத்துக்கு மறுநாளே பதில் எழுதியது இதுதான் முதல்தடவை. என் பக்கம் வந்துவிட்டீர்கள், சந்தோஷம். ஏப்ரலில் ஆகாத மருத்துவச்சி மே மாதத்தில் எப்படி ஆகிவிட்டார் என்று நான் கேட்கப் போவதில்லை.

கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கிழவிகள் என்ற இடத்தில் பெரியவர்கள் என்று மாற்றிப் படித்தேன், எனக்கு நன்றி சொல்லுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். "நான் கேட்டதுக்குப் பதிலைக் காணோம். கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றான். சின்ன வயசுல சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிட்டு இப்படித்தான், ஆட்டுக்குட்டி எல்லாம் பத்திரமா இருக்கும்மான்னு ஓடி வருவான்"ன்னார்.

ஒரே வரிதான் கேட்கிறார். இல்லையென்றால் இல்லை என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? அவர் நிம்மதியாக அடுப்பைப் பார்ப்பார்.

எனக்கு இந்த விஷயத்தில் பயமில்லை. நியாசோகோவிடம் கேட்டேன். யார் எங்கே சுற்றினாலும் பிள்ளைக்கு அது தெரியாது, பிள்ளைக்கு வழி தெரிந்தால் போதும் என்றார்.

உங்கள் மனைவி,
எனெஸ்

*

லுவெலா கிராமம்
29 ஜூலை 1984

அன்புள்ள கணவர் லாங்சனுக்கு,

நீங்கள் சுகமாக இருந்தால் நானும் சுகம். ஜூன் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்த பிறகு மறுபடி அப்படிச் சொல்லவில்லை.

யோபே வந்தான். ஆள் கொழுத்திருக்கிறான். நீங்கள் கொடுத்த மூட்டையைப் பிரித்தோம். கம்பளி நல்ல கனம். தைலத்தை அத்தை அப்போதே தேய்த்துக்கொண்டு, அவன் எதிரே உட்கார்ந்து கேட்டார்: "என் மகன் அங்க எப்படிப்பா இருக்கான்?"

"நல்லா இருக்கான் அம்மா."

"சாப்பாடு?"

"நல்ல சாப்பாடுதான் அம்மா."

"விடுதியிலதானே சாப்பிடறான்?"

யோபே தன் ஷூவைப் பார்த்தான். புது ஷூ, பார்க்கத்தக்கதுதான். ஆனால் அவ்வளவு நேரம் பார்க்கத்தக்கதில்லை. பிறகு, பெட்டி எடுக்க வேண்டும், பஸ் வந்துவிடும் என்று எழுந்தான். அன்றைக்கு பஸ்ஸே கிடையாது.

குழந்தைச் சாமான்களில் நீலக் கம்பளிக் குல்லாய் ஒன்று இருந்தது. கையால் பின்னியது. மிகவும் மிருதுவாக இருக்கிறது. பலதடவை துவைத்தால் வருமே, அந்த மிருது. கடையில் புதிதாக வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கடை என்று எழுதுங்கள். இங்கே பெண்கள் கேட்கிறார்கள்.

நான் நன்றாக நடக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். செப்டம்பர் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் காத்திருக்கும் கொட்டகைக்குப் போகிறேன். அத்தையும் என்னோடு வருகிறார்.

எனெஸ்

*

சுரங்கத் தொழிலாளர் விடுதி
19 ஆகஸ்ட் 1984

என் அன்பு மனைவி எனெஸுக்கு,

நீ சுகமாக இருந்தால் நானும் சுகம். கொஞ்சம் இருமல். மருந்து கேட்டிருக்கிறேன், மறைக்கவில்லை.

இப்போது ஆழமான மட்டத்தில் வேலை. மேலே வந்தால் கண்ணை மூடத்தான் தோன்றுகிறது, அதனால்தான் எழுதவில்லை. அந்தக் கடையை மூடிவிட்டார்கள்.

அம்மா கேட்பதைப் பற்றி இப்போது பேசி மனதைக் குழப்பிக்கொள்ளாதே. இந்த நிலையில் உனக்கு அது நல்லதில்லை. டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. வந்ததும் கூரையைச் சரிசெய்கிறேன்.

நியாசோகோவுக்கு என் வணக்கம். அவர் இருக்கிறார் என்பதே எனக்கு நிம்மதி.

உன் கணவன்,
லாங்சன்

*

மிஷன் ஆஸ்பத்திரி, காத்திருப்போர் கொட்டகை
12 செப்டம்பர் 1984

அன்புள்ள கணவர் லாங்சனுக்கு,

நீங்கள் சுகமாக இருந்தால் நானும் சுகம். மூடிய கடையைப் பற்றி எழுதிய கடிதம் கிடைத்தது. பாவம், அந்தக் கடைக்காரர்.

கொட்டகையில் பெரிய வயிறுகளோடு பதினைந்து பேர் காத்திருக்கிறோம். யாருக்கு முதலில் என்று பந்தயம். தோற்றவள் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டும். இப்போதைக்குத் தோற்பது நான்தான். அத்தை பின்னாலிருக்கும் சமையல் கொட்டகையில் களி கிண்டுகிறார். வந்த இரண்டாம் நாளே அங்கே அவர் ராஜ்யம் தொடங்கிவிட்டது. யார் விறகு யார் எடுத்தது என்ற வழக்குகளுக்குக்கூட அவர்தான் தீர்ப்பு.

நேற்று நியாசோகோ அத்தையைத் தேடி அடுப்படிக்கே வந்தார். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நீங்களும் பேறு பார்க்கிறவங்கன்னு எனெஸ் சொன்னா."

"பார்த்தேன். இப்ப நீங்கதானே பார்க்கறீங்க."

"பிரசவ அறைக்குள்ள ஒருத்தர் கூட இருக்கலாம். அவ உங்களைத்தான் கேட்டா. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே வந்தா கேள்வி கேக்கக் கூடாது. முதுகைத் தேய்க்கலாம், தண்ணி குடுக்கலாம், பாட்டுப் பாடலாம். கேள்வி மட்டும் கிடையாது."

அத்தை களிக்கட்டையைச் சட்டியிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயா என்னைக் கேட்டே?"

"ஆமா அத்தை."

"அன்னிக்கு அப்படிப் பண்ணதுக்கு அப்புறமுமா?"

"உங்க கை நல்ல கை. அன்னிக்கே சொன்னேனே."

அவர் மறுபடி கிண்டத் தொடங்கினார். நியாசோகோ காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. களி இறுகி இறக்கும் சமயத்தில்தான் அத்தை, "சரி. வாயை வீட்டுலயே வெச்சுட்டு வர்றேன்"ன்னார்.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பது சுலபம் என்று சிலருக்குத் தோன்றலாம். உங்கள் அம்மாவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்த்தேன்.

அடுத்த கடிதம் நான் எழுதும்போது உங்களுக்குப் பிள்ளை இருக்கும்.

எனெஸ்

*

லுவெலா கிராமம்
7 அக்டோபர் 1984

லாங்சனுக்கு,

உங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். செப்டம்பர் 27, வியாழக்கிழமை, விடிகிற நேரம். தலை நிறைய முடி, உங்கள் காது, குரல் யாருடையது என்று தெரியவில்லை. கஞ்சிப் பந்தயத்தில் நான்தான் தோற்றேன்.

லேசில் வரவில்லை. புதன்கிழமை காலை வலி எடுத்தது, மாலை வரை அதே இடத்தில் நின்றது. முதுகு பிளந்துபோவது போல் வலி. போனமுறையும் இதே முதுகு, இதே வலி. எனக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது. இரண்டு வருடம் பேசாமல் வைத்திருந்த பயம் மொத்தமாக வந்தது. நியாசோகோ வயிற்றைத் தடவிப் பார்த்து, "பிள்ளை மல்லாந்து மேலே பார்த்துக்கிட்டுக் கிடக்குது. திருப்பலாம், எழுந்திரு"ன்னார். என்னை நடக்க வைத்தார். கையும் காலும் ஊன்றி நிற்க வைத்தார், குழந்தை தவழுமே அப்படி. ஒருமுறை டாக்டரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம், கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அத்தை என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவர் வாய் திறப்பதை நான் பார்த்தேன். நியாசோகோவும் பார்த்தார்.

"அம்மா, தேய்ங்க."

அத்தை தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காதோரம் குனிந்தார். அவர் கேள்வி கேட்கவில்லை. "உன் மேல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்தக் குல்லாயைத் தொட்டுப் பார்த்த அன்னிக்கே தெரியும். தெம்பா இரு"ன்னார்.

விடியும்போது பிள்ளை திரும்பினாள். திரும்பிய பிறகு நேரமே ஆகவில்லை. நியாசோகோவின் கையில் வழுக்கிக்கொண்டு வந்து கத்தினாள். நானும் கத்தினேன், அத்தையும் கத்தினார். பக்கத்து அறையிலிருந்து டாக்டர் எழுந்து ஓடி வந்தார், தேவையில்லாமல்.

எல்லாம் முடிந்து என்னைத் துடைத்துவிடும்போது போனமுறை பற்றிக் கேட்டேன். அதே முதுகுவலி என்றால் அந்தப் பிள்ளையும் இப்படித்தான் மேலே பார்த்துக் கிடந்திருக்கும் என்று நியாசோகோ சொன்னார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நடக்க விட்டிருந்தால், இல்லை திங்கட்கிழமையே இங்கே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார்.

அத்தை பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "பிள்ளை வழி தெரியாம கிடந்திருக்கு. நாங்க பேர் கேட்டுக்கிட்டே இருந்தோம்"னார். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பெண் எனக்குக் கஞ்சி கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பெயர் வைக்கும் நாள் வந்தது. முதல் பேத்திக்குப் பெயர் வைப்பது அவர் உரிமை, உங்களுக்கே தெரியும். உறவுகள் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள், கிணற்றடிப் பெண்களும் வந்திருந்தார்கள். அத்தை எழுந்து நின்றார், எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "போனமுறை ரெண்டு நாளா உங்கிட்ட பேர் கேட்டேன். உங்கிட்ட இல்லாத பேரைக் கேட்டேன். இந்தமுறை உனக்குப் பிடிச்ச பேரை நீயே சொல்லும்மா." தபிதா என்றேன். மருத்துவச்சியின் சொந்தப் பெயர் அது, நியாசோகோ என்பது அவர் குடும்பப் பெயர். அத்தை அதை உரக்கச் சொன்னார், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். நேற்று கிணற்றடியில் என் குடத்தை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். பேச்சு நிற்கவில்லை.

இனி உங்கள் விஷயம்.

நீலக் குல்லாயின் உள்ஓரத்தில் பால் கக்கிய கறை இருந்தது. மூட்டை பிரித்த அன்றே பார்த்தேன். அது ஒரு குழந்தை போட்டு வளர்ந்து கழித்த குல்லாய். அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் பின்னியவள் மேல்கூட இல்லை. என் மகளுக்குக் குளிரக்கூடாது என்று நினைத்திருக்கிறாள் போலும். துவைத்து மடித்து, லீவு முடிந்து திரும்பும் யோபேயிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று அவளிடம் கொடுங்கள். தபிதாவுக்கு அத்தை சிவப்பில் ஒன்று பின்னிவிட்டார்.

நீங்கள் எழுத மறுத்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. முதல் பிள்ளை உங்களால்தான் போனது என்று ஆகிவிடும் என்று பயந்தீர்கள். உங்களால் போகவில்லை. நியாசோகோ சொன்னது அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஆனால் உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டே, இரண்டு வருடம் ஊர் என் மேல் போட்டதை எடுத்துவிடாமல் இருந்தீர்கள். போதாததற்கு என்னை மன்னிக்கவும் செய்தீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. மற்றது அதற்குப் பிறகுதான்.

என் மகள் பிறக்க உங்கள் வாய் தேவைப்படவில்லை. இனிமேல் நீங்கள் சொல்வதானால் அது எனக்காகத்தான். எழுத வேண்டாம். டிசம்பரில் வந்து, உங்கள் அம்மா எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகு உங்களோடு வாழ்வதா வேண்டாமா என்று நான் யோசிப்பேன். சொல்லாமல் வந்தால் எங்கே படுப்பது என்று அத்தை முடிவு செய்துவிட்டார்: "கல்யாணமாகாத பையன்க குடிசையில இடம் இருக்கு. அங்க படுக்கட்டும். கூரையும் ஒழுகாது, அதை அவன் வேயலையே"ன்னார்.

எல்லாக் கடிதத்திலும் எழுதும் முதல் வரியை இதில் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். நான் சுகம். தபிதா சுகம். அத்தையின் முழங்காலும் சுகம். நீங்கள் எப்படி இருந்தாலும் நாங்கள் சுகம்.

எனெஸ்